மகளிர் கல்லூரி என்று சொல்லிவிட்டேன்

என் பழைய நாற்காலியில் இப்போது இருக்கிற ஜெர்மன் பெண் போன கிழமை தொலைபேசியில் கூப்பிட்டாள். அமெரிக்காவில் ஒரு பெண்கள் கல்லூரிக்கு முன்கூட்டிய முடிவு என்ற முறையில் விண்ணப்பிக்க ஒரு மாணவி வந்து நிற்கிறாளாம். படிவத்தில் மாணவிக்கு ஒரு கோடு, பெற்றோருக்கு ஒரு கோடு, பள்ளிக்கு ஒரு கோடு. எதை முதலில் நிரப்புவது? பழைய கோப்பில் என் கையெழுத்தைப் பார்த்தாளாம், அதனால் என்னைக் கேட்டாள். இரண்டு வசனத்தில் பதில் சொல்லிவிட்டேன். அந்த இரண்டு வசனத்துக்குள் அடங்காததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் ஒரு பள்ளியின் செயலகத்தில் இருபத்தாறு வருடம் இருந்தேன். ஐம்பத்தெட்டு வயதில் என் முதுகெலும்பு எனக்கு முன்னால் ஓய்வு கேட்டது. சரி, உன்னோடு நானும் வருகிறேன் என்று எழும்பி வந்துவிட்டேன். அதற்கு முந்திய கதை சின்னது. அகதியாக வந்தேன், காத்திருந்தேன், உணவகத்தில் கோப்பை கழுவினேன், மொழி படித்தேன். முப்பது வயதில், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் குந்தி அலுவலக வேலைக்கான அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்தேன்.

பள்ளிச் செயலகம் என்பது ஒரு மேசை, ஒரு மறிப்பு, அந்த மறிப்பில் நாள் முழுவதும் முளைக்கும் முழங்கைகள். காலை ஏழரைக்குத் தொலைபேசி தொடங்கும். "தங்கச்சி, பிள்ளைக்குக் காய்ச்சல், டொச்சிலை ஒருக்காச் சொல்லிவிடுங்கோ" என்று தமிழ் வீடுகள் எல்லாம் என்னிடம் வரும். டொச் என்றால் ஜெர்மன் மொழி. நான்தானே அந்த டொச், எனக்குச் சொன்னால் போதும் என்றாலும் நம்பமாட்டார்கள், தலைமை ஆசிரியருக்கும் சொல்லிவிடச் சொல்வார்கள். எங்கள் பெயர்களோ இன்னொரு கூத்து. ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒரு குடும்பப் பெயர், அம்மாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. அடுத்த மேசைக்காரி ஒரு குடும்பத்தின் விவரத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவர்கள் வாடகையைப் பகிர்ந்து இருக்கும் நண்பர்களா?" என்று கேட்டாள். இல்லை, கலியாணம் முடித்து இருபது வருடமானவர்கள் என்றேன்.

எனக்கு மேலே இருந்தவர் ஃபிராவ் ஓஸ்டர்காம்ப்; ஃபிராவ் என்றால் திருமதி. கடைசி மூன்று வகுப்புகளின் பொறுப்பாளர், கணித ஆசிரியை. உயரம், நரை, எப்போதும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. அவர் ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்கும் விதத்தை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். முதலில் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுப்பார். கடிதத்தை உதடு அசைய வாசிப்பார். பிறகு கீழே இருந்து மேலே, வரி வரியாக, இன்னொருமுறை. "மேலிருந்து வாசித்தால் நாம் நம்பத் தொடங்கிவிடுகிறோம், ஃபிராவ் செல்வம்" என்பார். அதன் பிறகுதான் பேனை மூடி கழலும். மை காயும்வரை தாளைத் தொடவிடமாட்டார். அந்தக் கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும் ஒரு குழந்தை நித்திரையாவதற்குக் காத்திருப்பவர்கள் மாதிரி மூச்சுக் காட்டாமல் நிற்போம். ஒருநாளும் அவர் யாரையும் வாய்விட்டுப் புகழ்ந்ததில்லை. மிக நல்ல வேலை செய்த நாளில் "குறை சொல்ல முடியாது" என்பார். எனக்கு அது அந்நியமாகப் படவில்லை. நாங்களும் எங்கள் வீடுகளில் உச்சமான புகழ்ச்சிக்கு "பிழையில்லை" என்றுதானே சொல்லி வளர்ந்தோம்.

அந்த அலுவலகத்துக்குள்தான் ஓர் ஒக்டோபர் மாதம் ஆரணி வந்தாள். பதினெட்டு வயது, கடைசி வகுப்பு, தோளில் பை, பைக்குள் இருந்து எடுத்த தாள்களில் பச்சை மையால் கோடுகள்.

"அன்ரி, இதை இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமோ?"

எனக்கும் தெரியாது. அவளே விளக்கினாள். இங்கே பல்கலைக்கழகத்துக்குப் போகும்போதே ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அவளுக்கு வானியலும் வேண்டும், நாடகமும் வேண்டும். அந்தக் கல்லூரியில் இரண்டு வருடம் எல்லாவற்றிலும் கை வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு ஒன்றைத் தெரிவு செய்யலாம். ஆனால் அங்கே போவதற்கு, வேறு எங்கும் போகமாட்டேன், நீங்கள் எடுத்தால் உங்களிடம்தான் வருவேன் என்று நவம்பர் நடுவிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். எதையும் முடிவெடுக்காமல் இரண்டு வருடம் இருப்பதற்கு, எல்லோருக்கும் முந்தி ஒரு முடிவு எடுக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது.

"பெண்கள் மட்டும் எண்டது ஏன் பிள்ளை?"

"பௌதிக வகுப்பிலை நாங்கள் ரெண்டு பெட்டையள் அன்ரி. டெலஸ்கோப் ஒண்டு இருக்குது. மூண்டு வருசமா நான் அதின்ரை காலைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். ஒருக்கா கண் வைக்கிற பக்கம் நிக்கோணும்."

உதவித்தொகையோடுதான் போக முடியும், அதற்கும் இந்த வழியில் போனால்தான் இடம் கிடைக்கும் என்று அவள் கணித்திருந்தாள். அம்மா சம்மதம். அப்பாதான்.

அப்பாவை எனக்குத் தெரியும். யோகன் அண்ணை, எங்கள் நகரத்தில் ட்ராம் ஓட்டுகிறவர். மூத்தவன் ஹைடெல்பேர்க்கில் படிக்கப் போகிறேன் என்றபோது, பக்கத்து நகரமான போக்கூம் போதும் என்று வீட்டிலிருந்தே படிக்க வைத்தவர். மகளுக்கு அமெரிக்கா என்றால்?

ஒரு திங்கட்கிழமை அவரை வரச் சொல்லி டெர்மின் வைத்தோம். சீருடையோடு வந்தார். மகள் பக்கத்துக் கதிரையில். நான் படிவத்தை எடுத்து வரி வரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். என் வாயில் முதலில் வந்த சொல் அதுதான்.

"இது அமெரிக்காவிலை ஒரு மகளிர் கல்லூரி அண்ணை."

அவருடைய முகம் விரிந்ததை நான் பார்த்தேன்.

"மகளிர் கல்லூரியோ! என்ரை தங்கச்சிமார் மூண்டுபேரும் மகளிர் கல்லூரிதானே. ஹொஸ்டல் இருக்கோ?"

"இருக்கு."

"பொம்பிளைப் பிள்ளையள் மட்டும்?"

"ஓம், மட்டும்தான்."

"சாப்பாடு?"

"உள்ளுக்கையே குடுப்பினம்."

யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். ஐந்து வயதில் பின்னலும் ரிபனுமாகப் போய், பத்தொன்பதில் வெளியே வருகிற இடம். ஹொஸ்டல் என்றால் உயர்ந்த மதில், ஆறு மணிக்குப் பூட்டுகிற கேற், சாவிக்கொத்தோடு ஒரு மேட்ரன், சனிக்கிழமை பார்க்க வருகிற தகப்பனுக்கு வராந்தாவில் ஒரு வாங்கு. அவருடைய கண்ணுக்குள் அந்த மதில் கல் கல்லாக எழும்பியது. நான் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. உண்மைகளை அடுக்கி ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகம் என்றோ, இங்கே எல்லோரும் சொல்வதுபோல யூனி என்றோ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆரணி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, ஒண்டு. இதிலை கையெழுத்து வைச்சா மாற ஏலாது. கலியாண எழுத்து மாதிரி. எழுத்து முடிஞ்சா வேறை இடம் பாக்க ஏலாதெல்லே."

"மாப்பிள்ளை நல்ல இடமெண்டால் எழுத்துக்கு என்ன பயம், தங்கச்சி" என்று சிரித்தார். பேனையை வாங்கி, ஒரு சுழி, ஒரு கோடு, இரண்டு புள்ளி. எழும்பிப் போகும்போது மகளின் தலையில் கை வைத்தார். அவர் அப்படி வைத்ததை ஆரணி எதிர்பார்க்கவில்லை என்பது அவளுடைய தோளில் தெரிந்தது.

புதன்கிழமை, அந்தப் படிவத்தோடு போக வேண்டிய பள்ளியின் சிபாரிசுப் படிவத்தை ஃபிராவ் ஓஸ்டர்காம்ப் நிரப்பித் தந்தார். நான் ஒருமுறை பார்த்தேன். பிறகு அவர் பழக்கிய மாதிரிக் கீழே இருந்து மேலே பார்த்தேன். மாணவியின் அறிவு, உழைப்பு, நேர்மை, தலைமை என்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஏழு பெட்டிகள். அவர் எல்லா வரியிலும் ஒரே பெட்டியில் அடையாளம் போட்டிருந்தார். நல்லது என்ற பெட்டி. அதற்குப் பிறகும் மிக நல்லது, சிறந்தது, தலைசிறந்தது, அதற்கும் மேலே ஒன்று என்று நான்கு பெட்டிகள் வெறுமையாக இருந்தன. ஒன்றை உச்சமாக வைத்து எண்ணும் எங்கள் பள்ளிக் கணக்கில் நல்லது என்றால் இரண்டாம் புள்ளி, வீட்டில் கேக் வெட்டுகிற புள்ளி. அங்கே போய்ச் சேரும்போது அது, இந்தப் பிள்ளை பரவாயில்லை, வேறு யாரையாவது பாருங்கள் என்று ஆகிவிடும்.

அதுவரை நான் அவரை மறுத்துக் கதைத்ததில்லை. கதவைத் தட்டினேன்.

"இந்தச் சொல் இங்கே ஒன்று, அங்கே ஒன்று" என்றேன். "நீங்கள் நினைத்தது அங்கே போய்ச் சேராது."

"நான் உண்மையைத்தான் எழுதினேன், ஃபிராவ் செல்வம்."

"சொல் உண்மை. கேட்கிறவர் வேறொன்றை விளங்கிக்கொள்வார் என்று தெரிந்துகொண்டே அதைச் சொன்னால், அது உண்மையா?"

கேட்டது நான்தான். அந்தக் கேள்வி யாருக்கு என்பது அந்த நிமிடம் எனக்கு உறைக்கவில்லை.

அவர் படிவத்தைத் திரும்ப இழுத்தார். கடைசிப் பெட்டியில் எழுதியிருந்ததை உதடு அசைய வாசித்தார். "என் பணிக்காலத்தில் நான் சந்தித்த மிகச் சிலரில் ஒருவர்." வாசித்துவிட்டு யன்னலைப் பார்த்தார். விரல்கள் மடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது விரலில் கொஞ்சம் நின்று, அதையும் மடக்கினார்.

"இவளோடு நாலு பேர். முப்பத்தொரு வருடத்தில் நாலு. இது புகழ்ச்சி இல்லை, எண்ணிக்கை. எண்ணிக்கை என்றால் போடலாம்."

புதுத் தாள் எடுத்து, அறிவுக்கும் உழைப்புக்கும் நேர்மைக்கும் கடைசிப் பெட்டியில் அடையாளம் போட்டார். தலைமைக்கு மட்டும் ஒரு பெட்டி குறைத்தார். "அதில் அவள் இன்னும் வளர வேண்டும்." பிறகு ஒப்பந்தப் படிவத்தை எடுத்து, பள்ளிக்குரிய கோட்டுக்கு மேலே இருந்த சின்ன எழுத்தை வாசித்தார். இந்த உடன்பாட்டின் பொருளை மாணவிக்கும் குடும்பத்துக்கும் எடுத்துச் சொன்னோம் என்பதற்குத்தான் பள்ளியின் கையெழுத்து. பேனை மூடி கழன்றது. பேனை கோட்டுக்குக் கிட்ட வந்து நின்றது.

"தகப்பனுக்கு எல்லாம் விளங்கியதா?"

ஓம் என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும்.

"வெள்ளிக்கிழமை வரை விடுங்கள்" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கையெழுத்து இல்லாத தாளை என்னிடம் தந்து, பேனையை மூடினார். வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

அன்று பின்னேரம் யோகன் அண்ணையின் ட்ராம் திரும்புகிற கடைசித் தரிப்புக்குப் போய் நின்றேன். வண்டி வளைந்து வந்து நின்றது. அவருக்கு அங்கே எட்டு நிமிட ஓய்வு. குடுவையிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இறங்கினார்.

"என்ன தங்கச்சி, இந்தப் பக்கம்?"

"அண்ணை, திங்கட்கிழமை நான் ஒரு சொல்லுப் பிழையாச் சொல்லிப்போட்டன். அது மகளிர் கல்லூரி இல்லை. அது யூனி. பொம்பிளைப் பிள்ளையள் படிக்கிற யூனி."

"ஹொஸ்டல் இருக்கெண்டியள்?"

"இருக்கு. ஆனா ஆரும் பூட்டமாட்டினம். சாவி அவவிட்டைத்தான் இருக்கும்."

"மேட்ரன்?"

"இல்லை."

"வெளியாலை போறதெண்டால் ஆரிட்டைக் கேக்கோணும்?"

"ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை."

தேத்தண்ணியை அவர் குடிக்கவில்லை. கோப்பையை வண்டியின் படியில் வைத்தார்.

"எழுத்துக்குப் பிறகோ தங்கச்சி மாப்பிள்ளையைக் காட்டுறியள்?"

நான் கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன்.

"ஆரணிக்குத் தெரியுமோ, நான் என்ன நினைச்சுக் கையெழுத்து வைச்சனெண்டு?"

"தெரியும்."

"சிரிச்சவளோ?"

"இல்லை அண்ணை. நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தவ."

அவர் கையை நீட்டினார். "அந்தத் தாளைத் தாங்கோ."

கொடுத்தேன். நாலாக மடித்துச் சீருடையின் உள்பையில் வைத்தார். எட்டு நிமிடம் முடிந்துவிட்டது. நான் ஏறி அவருக்குப் பின்னால் முதலாவது இருக்கையில் இருந்தேன். வண்டி ஓடும்போது ஓட்டுநரோடு பேச வேண்டாம் என்று கண்ணாடியில் எழுதியிருந்தது. அந்த அறிவிப்புக்கு நான் நன்றி சொன்னேன், அவரும் சொல்லியிருப்பார். அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு நகரத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை வந்தேன். ஒவ்வொரு தரிப்பிலும் கதவு திறந்தது, பெண் பிள்ளைகள் ஏறினார்கள், கதவு மூடியது, வேறொரு தரிப்பில் அவர்கள் யாரையும் கேட்காமல் இறங்கிப் போனார்கள். அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அது அவருடைய வேலை.

வியாழக்கிழமை முதல் இடைவேளையில் ஆரணி மறிப்பில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஏன் அன்ரி சொன்னீங்கள்? அவர் கேட்டவரோ?"

"கேக்கேல்லை."

"அப்ப?"

"அவர் வைச்ச கையெழுத்து உனக்கில்லை பிள்ளை. தன்ரை தங்கச்சிமார் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு."

"எனக்கு அது காணும்."

"அங்கை போன பிறகு ஒருநாள் அவருக்குத் தெரியவரும். அண்டைக்கு நீ தனிய நிப்பாய்."

"இப்பவும் தனியத்தான் நிக்கிறன்" என்றுவிட்டுப் போனாள். வேறெங்கும் அவள் விண்ணப்பிக்கவில்லை. அந்த ஒரு தாளும் ஒரு ட்ராம்காரரின் சட்டைப் பைக்குள் இருந்தது. நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அன்று முழுவதும் அது பிடிபடவில்லை. வருகைப் பதிவில் இரண்டு வகுப்புகளை மாற்றிப் பதிந்தேன்.

அவர்கள் வீட்டில் அந்த இரண்டு நாளும் என்ன கதைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆரணி பிறகும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு யோகன் அண்ணை வந்தார். பின்னால் ஆரணி. மறிப்பில் தாளை விரித்தார். அவருடைய கையெழுத்தின் மேல் அடிமட்டம் வைத்து, நேராக, ஒரு கோடு வெட்டியிருந்தது. ஆரணிக்கும் அது புதிது. அவள் முகம் சுவர் நிறமானது. ஃபிராவ் ஓஸ்டர்காம்ப் உள்ளே இருந்து வந்தார். தாளைப் பார்த்தார்.

"வெட்டியது செல்லாது" என்றார்.

"செல்லாதெண்டு தெரியும்" என்றார் யோகன் அண்ணை, என்னைப் பார்த்துத் தமிழில். "உது நான் பள்ளிக்கூடத்துக்கு வைச்சது. புதுத் தாள் தாங்கோ, யூனிக்கு வைக்க."

நான் ஆரணியைப் பார்த்தேன். "என்ன பாக்கிறியள்? பதினொண்டரைக்கு வண்டி எடுக்கோணும்."

அச்சு இயந்திரம் இருமி இருமி ஒரு தாளைத் தந்தது. ஆரணி முதலில் வைத்தாள், அவசரத்தில் பெயரின் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டியது. அவர் குனிந்தார். இந்தமுறை சுழியும் புள்ளியும் இல்லை. தன் முழுப் பெயரையும் தமிழில், எழுத்தெழுத்தாக, முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுதினார்.

"ஏனப்பா தமிழிலை?"

"விளங்கி வைச்சதெண்டு தெரியட்டுக்கும்."

ஃபிராவ் ஓஸ்டர்காம்ப் கதிரையை இழுத்தார். கீழிருந்து மேலே வாசித்து, தமிழ் எழுத்தில் கொஞ்ச நேரம் நின்றார். "இதை என்னால் சரிபார்க்க முடியாது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்களால் முடியும்." கையெழுத்து வைத்தார். மை காயும்வரை நாங்கள் நாலு பேரும் அந்தத் தாளைச் சுற்றி நின்றோம்.

முடிவு டிசம்பர் நடுவில் வந்தது. ஆரணி அச்செடுத்த கடிதத்தோடு ஓடி வந்தாள். என்னைக் கட்டிப்பிடித்ததில் மறிப்பிலிருந்த பேனைக் குவளை உருண்டது. நான் செய்ததை அவள் மன்னித்துவிட்டாளா என்று கேட்க எனக்கு நேரம் தரவில்லை. அப்பாவையும் வரச் சொல்லியிருந்தாள். அவர் வேலை முடிந்து நேரே வந்தார், தொப்பியில் மழை. அவருக்கு ஆங்கிலம் வராது. மகள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடிதத்தை வாங்கி என் பக்கம் திருப்பி வைத்தார்.

"தங்கச்சி, நாங்கள் வேறை இடம் போகமாட்டம் எண்டு எழுதிக் குடுத்தம். கட்டுப்பட்டிட்டம். அவையள்?"

"அவையளும் எண்டால்?"

"அவையளும் கட்டுப்பட்டவையோ? போய் இறங்கினாப் பிறகு வேண்டாம், திரும்பிப் போ எண்டு சொல்ல ஏலுமோ?"

இந்த நாட்டில் அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டித் தந்த தங்கும் அனுமதித் தாளோடு ஒன்பது வருடம் இருந்தவர். எனக்கும் அந்தத் தாள் தெரியும். ஒவ்வொரு முறையும் அதில் நீட்டிப்புக்கு மேலே, நாட்டை விட்டு வெளியேறும் கடப்பாடு தொடர்கிறது என்று எழுதியிருக்கும்.

கடிதத்தைக் கீழே இருந்து மேலே வாசித்தேன். இரண்டாவது பக்கத்தில் இருந்தது. பள்ளிப் படிப்பை இதே தரத்தில் முடித்தால், இந்த இடம் உங்களுடையது.

"ஓம் அண்ணை. அபிடூர் சோதினையை ஒழுங்கா முடிச்சாக் காணும். அவையளும் கட்டுப்பட்டவைதான்."

"எழுத்திலை இருக்கோ?"

"இருக்கு."

"எதிலை? விரலை வையுங்கோ."

வைத்தேன். அவர் கைத்தொலைபேசியை எடுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, என் விரலோடு சேர்த்து அந்த ஒரு வரியைப் படமெடுத்தார். சரியாக விழவில்லை என்று இன்னொருமுறை எடுத்தார்.

"அப்பா, முதல் பக்கத்தை எடுங்கோ" என்றாள் ஆரணி, சிரிப்பும் அழுகையுமாக. "மேலை பெரிசா, வடிவா வாழ்த்து எழுதியிருக்கினம்."

"அது ஆரும் எழுதுவினம்" என்றார் அவர், மூன்றாவது முறை எடுத்துக்கொண்டு.